பழசு எங்கே என்றது கணினி

பிசின் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவளுடைய அண்ணன். சின்ன வயதில் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாளாம். அழமாட்டாள், கெஞ்சமாட்டாள், கையை மட்டும் எடுக்கமாட்டாள். கேலிக்கு வைத்த பெயர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பிசின்தான் இப்போது மாடிப்படிக்குக் கீழே இருந்த தன் ஒற்றை அறைக் கடையில், கணினிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் தொழில் ஸ்டிக்கர் வெட்டுவது. வண்டியிலும் கடைக் கண்ணாடியிலும் ஒட்டும் எழுத்துகளைக் கணினியில் அமைத்து அனுப்பினால், பக்கத்தில் இருக்கும் இயந்திரம் ஒட்டுத்தாளில் கத்தியை ஓட்டும். வேண்டாததை உரித்தெடுத்தால் எழுத்து மட்டும் நிற்கும். உரிக்கிற வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவளிடம் இருந்த இயந்திரம் அரதப்பழசு. இன்றைய கணினி எதைக் கொண்டுவந்து மாட்டினாலும் நீ யார் என்று கேட்கும். அதற்குப் பழக்கமான இயங்குதளம் ஒன்றே ஒன்றுதான்.

அந்த இயங்குதளம் இருந்த ஹார்டு டிஸ்க் நேற்று மண்டையைப் போட்டுவிட்டது. போட்ட நேரம் அப்படி. இரண்டு புது ஆம்புலன்ஸ்களுக்கு எழுத்து வேண்டும் என்று வண்டிக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்திருந்தார். கடை திறந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை. நாளைக் காலையில் வண்டிகள் வாசலுக்கு வந்துவிடும். எழுத்து தயாராக இல்லையென்றால் அவை நேராக அண்ணன் கடைக்குப் போகும், வண்டிக்காரர் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

புது டிஸ்க்கை வாங்கி அவளே மாட்டிவிட்டாள். அது துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி காலியாக இருந்தது. அவளிடம் இருந்ததோ அந்த இயங்குதளத்தின் அப்கிரேடு டிவிடி. ஏற்கெனவே பழைய பதிப்பு இருக்கும் கணினியை அடுத்த பதிப்புக்கு உயர்த்த மட்டும் விற்கப்பட்டது. அட்டையில் ஒட்டியிருந்த சாவி எண்ணை அவள் அடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது. இந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள பதிப்புக்குள் போய் அங்கிருந்து தொடங்கவும். வெறும் டிஸ்க்கில் ஏது ஏற்கெனவே? மறுபடி அடித்தாள். மறுபடி அதே வரி. சொன்னதையே சொல்லும் சொந்தக்காரர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

பழைய பதிப்பின் டிவிடி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் கடை இரும்பு அலமாரியில், மேல் தட்டில்.

அந்தக் கடையைத் தொடங்கிய நாளிலிருந்து அவளும் அண்ணனும் சேர்ந்துதான் நடத்தினார்கள். சேர்ந்து என்றால், அவள் வெட்டுவாள், உரிப்பாள், ஏணியில் ஏறி ஒட்டுவாள். அண்ணன் எதிர்ச்சாரியில் நின்று மேலே தூக்கு, கீழே இறக்கு என்பார். அண்ணன் மகன் படிப்பை முடித்து வந்த வாரம், கடைக்குப் புதுப் பலகை வேண்டும் என்றார் அண்ணன். எழுத்தை அமைத்துக்கூட வைத்திருந்தார். அண்ணன் பெயர், அடுத்து ‘மற்றும் மகன்’. அதையும் அவள்தான் வெட்டினாள். அவள்தான் உரித்தாள், ஏணியில் ஏறி ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினாள். கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள். மூலையில் கிடந்த பழைய இயந்திரத்தையும் கணினியையும் தூக்கிப்போக அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. தானாகத் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். அன்று விடுப்பு. நல்ல மனிதர், ஆனால் சண்டை என்றால் காத தூரம் ஓடுவார். காலையிலேயே மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். டிவிடியைத் தர அண்ணனுக்குத் தடையில்லையாம். அவளே கடைக்கு வந்து கேட்க வேண்டுமாம், வந்தவள் பழையபடி அங்கேயே வேலையைத் தொடர வேண்டுமாம். இதைச் சொல்லும்போது கணவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவ? உன் அண்ணன்தானே.”

“கேக்கறதுல ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பலகைக்குக் கீழ தினம் குனிஞ்சு போகணும். என்னால முடியாது.”

அவளுக்கு உள்ளே பயம் இல்லாமல் இல்லை. வண்டிகள் அண்ணன் கடைக்குப் போய்விட்டால் அடுத்த ஆர்டர் வராது. அப்புறம் இந்த அறையைப் பூட்டிவிட்டு அந்த அலமாரிக்கு முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும்.

திரும்பத் திரும்ப எண்ணை அடித்து விரல் சலித்ததுதான் மிச்சம். அண்ணன் கடையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எந்த மென்பொருளை ஏற்றினாலும் முதலில் சாவி எண், அப்புறம்தான் மற்றதெல்லாம். அண்ணன் எண்ணை உரக்க வாசிப்பார், அவள் அடிப்பாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு யாரும் நகர்ந்ததே இல்லை. இந்த முறை அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போடா, உனக்கு எண்ணே கிடையாது என்று கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்து என்பதை அமுக்கினாள். எண்ணைத் தர விருப்பமில்லையா என்று கேட்டது. இல்லை என்றாள். நீயாச்சு உன் பாடாச்சு என்பதுபோல அது வேலையைத் தொடங்கிவிட்டது.

கணவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். டீ ஆறிப் போனது, திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் முகப்பு வந்தது. கூடவே ஓர் அறிவிப்பும் வந்தது. இது சோதனைக்கு மட்டும், சில வாரத்தில் நின்றுவிடும்.

“இது போதுமே. நாளைய வேலை முடிஞ்சிடும்ல?” என்றார் கணவர்.

முடியும்தான். ஆனால் அப்புறம்? காசு கொடுத்து வாங்கிய பொருளை இரவல் மாதிரி வைத்துக்கொள்வதா? அவள் அறிவிப்பையே முறைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் உயிரை வாங்கிய அந்த வரி நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே உள்ள பதிப்புக்குள் போய், அங்கிருந்து தொடங்கவும்.

இப்போதுதான் உள்ளே ஒன்று இருக்கிறதே.

டிவிடியை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டாள். இந்த முறை கணினியை அணைக்கவில்லை. உள்ளே இருந்தபடியே ஏற்றச் சொன்னாள். எண்ணைக் கேட்டது, அடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்த வரி வரவில்லை. காலையெல்லாம் மங்கிக் கிடந்த அப்கிரேடு பொத்தான் பளிச்சென்று நின்றது. கொஞ்சம் முன்னால் ஏற்றிய தன்னையே பழசு என்று எண்ணிக்கொண்டு, அது தன் மேல் தானே ஏறி உட்கார்ந்தது. ஏறி முடித்தபோது சோதனை அறிவிப்பு போன இடம் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதைக் கணவர் பார்த்துவிட்டதில் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

வெயில் சாய்வதற்குள் ஆம்புலன்ஸ் எழுத்துகள் தயார். முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்துப் படிக்கவேண்டுமே, அதனால் இடம் வலமாகத் திருப்பி வெட்டி உரித்து வைத்தாள். ஒட்டுத்தாளில் ஒரு நீளத் துண்டு மிஞ்சியது. அதிலும் எதையோ வெட்டினாள்.

அப்போதுதான் அண்ணன் வந்தார். சட்டைப்பையில் டிவிடி துருத்திக்கொண்டிருந்தது. நாளெல்லாம் காத்திருந்து, இவள் வரமாட்டாள் என்று தெரிந்து, தானே கிளம்பியிருக்க வேண்டும். கத்தி ஓடும் சத்தத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். கணினியைப் பார்த்தார், அவள் கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“பழசு இல்லாம இது ஏறாதே. யார்கிட்ட வாங்கின?”

“யார்கிட்டயும் வாங்கல. முதல்ல எண்ணே குடுக்காம ஏத்தினேன். அப்புறம் அதுக்குள்ள இருந்தே அதை ஏத்தினேன். அதுக்குப் பழசும் அதுவேதான் அண்ணே.”

அண்ணன் பையிலிருந்து டிவிடியை எடுத்து மேசையில் வைக்கப் போனார். எந்த நிபந்தனையும் இல்லை, சும்மா வைத்துக்கொள் என்றார். அலமாரியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை நீட்டவில்லை.

வெட்டி வைத்த நீளத் துண்டு அவர் கண்ணில் பட்டது. ‘பிசின் ஸ்டிக்கர்ஸ்’ என்று இருந்தது, அவ்வளவுதான். மற்றும் என்ற சொல்லே அதில் இல்லை.

“இது நான் வச்ச பேராச்சே.”

“ஆமா. நல்லாத்தானே வச்சீங்க.”

அவ்வளவு நீளத்தைக் கடை வாசலுக்கு மேலே ஒரே ஆளாக ஒட்டினால் கோணிப்போகும் என்று அவருக்கும் தெரியும். ஒரு முனையைப் பிடிக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார். அவள் ஏணியை இழுத்து அவர் பக்கம் போட்டாள். மறுமுனைக்குக் கணவரை நாற்காலியில் ஏற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர்ச்சாரிக்குப் போய் நின்றுகொண்டாள்.

“அண்ணே, உங்க பக்கம் தாழ்ந்திருக்கு. கொஞ்சம் தூக்குங்க.”

அவர் தூக்கினார்.