ஒன்பதரைக் கிலோ

1
இந்தக் கதை களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்த கேதீஸ்வரி சொன்னாள். எழுதத் தொடங்கிய பிறகுதான் அவளிடம் அனுமதி கேட்டேன். முதல் வரி: வாவியின் மேல் வெயில் மெல்ல... வேண்டாம். வாவிக்கு இதில் வேலையில்லை.

2
கேதீஸ்வரி மட்டக்களப்பில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் நிரல் எழுதுகிறவள். குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும் நிரல் ஒன்றை, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வியாழன் காலை அவள் மறித்தாள்.

"சோதிக்காமக் குடுக்க ஏலாது."

"கையால தட்டிப் பாத்தம்தானேகா," என்றார் மேலாளர் ஜெனிஸ்டன்.

"மூண்டு எடைக்குத்தான் பாத்த. முந்நூறுக்குப் பாக்கணும்."

அதற்கு ஒரு சோதனை நூலகம் வேண்டும். (புத்தகங்கள் அல்ல, ஒரு நிரலைச் சரிபார்க்க உதவும் வேறு நிரல்களின் தொகுப்பு.) கணினியில் அதை நிறுவக் கடவுச்சொல் தேவை. ஜெனிஸ்டன் தரவில்லை.

3
அவள் அந்த நூலகத்தின் மூலநிரலையே இணையத்திலிருந்து இறக்கி, ஓடக்கூடிய நிரலாகத் தானே கட்டத் தொடங்கினாள். முதல் தரம் பிழை: மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்தக் கணினியில் பழசு. அதற்கு ஒத்துவரும் பழைய பதிப்பைத் தேடி எடுத்தாள். அது பாதியில் நின்றது. விடுபட்டிருந்த நிரல் துண்டைக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். மூன்றாம் தரம் நூறு வீதம் வரை ஓடியது. கடவுச்சொல் கேட்காத தன் கோப்புறைக்குள் நிறுவினாள்.

(இங்கே அவள் கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு வெட்டச் சொன்னாள். "பயம் வரல்ல. கோவம்தான் வந்த.")

4
பகல் பன்னிரண்டுக்குச் சோதனைகள் ஓடின. முழு எண்கள் எல்லாம் பச்சை, அதாவது சரி. புள்ளி வைத்த எடைகள் எல்லாம் சிவப்பு: நிரல் புள்ளியை விழுங்கி, 9.5ஐ 95 என்று வாசித்தது. ஒன்பதரைக் கிலோப் பிள்ளைக்குத் தொண்ணூற்றைந்து கிலோவுக்கான மருந்து.

"இப்ப அந்தச் சோதனைகள அழிச்சிட்டு அனுப்பு. மறுகா திருத்துவம்," என்றார் ஜெனிஸ்டன்.

"மறுகா எண்டா? எந்தப் பிள்ளைக்குப் பிறகு?"

அவர் முன்னாலேயே ஆஸ்பத்திரி மருந்தாளர் பஹீமாவுக்குப் போன் எடுத்தாள். "மிஸ், நாளைக்கு நாங்க தாறதப் போட வேணாம். பிழை கிடக்கு."

"ஓம், போட மாட்டம்," என்றது மறுமுனை.

நிரல் மூன்று வாரம் பிந்தித்தான் போனது. எல்லாம் பச்சையாக.

5
ஜெனிஸ்டன் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். நானே நம்பவில்லை. அவளை அன்றே வேலையால் நிறுத்துவதாக இன்னொன்று. ஒரு சஞ்சிகை அதைத்தான் விரும்பியது. தர மாட்டேன்.

அவளை வைத்திருப்பதா, நிறுத்துவதா என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஜெனிஸ்டனின் கதிரையில் இருந்துகொண்டு, அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.