சாவி இருக்கும் இடம்

துப்பாக்கி உரிமம் புதுப்பிக்க வீட்டைச் சோதிக்க ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் லிஃப்ட் சாருக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. கோபமெல்லாம் முந்தைய சோதனைகளிலேயே கரைந்து போயிருந்தது.

வேலையில் இருந்தவரை நகரத்து லிஃப்ட்டுகளைச் சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று முத்திரை குத்தியவர் அவர். அதனால் சுடும் கிளப்பில் எல்லோருக்கும் லிஃப்ட் சார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ரைஃபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். அதை வைத்து அவர் யானையையா சுடப்போகிறார்? காகிதத்தில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைத்தான். அதற்கே மருத்துவர் சான்று, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறொரு பெட்டி. பெட்டிச் சாவி இருக்கும் இடம் உரிமக்காரரைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது. கட்டிய மனைவிக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் தப்பு என்று அவர் எங்கும் வாய் திறந்ததில்லை. கம்பி நைந்து தொங்கிய லிஃப்ட்டுக்குள் நின்று பார்த்தவருக்குச் சட்டம் எதற்கென்று தெரியும். ஆனால் சரியான சுமையும் முதுகை வலிக்கத்தான் செய்கிறது. சொந்த வீட்டில் திருடனைப் போல, மனைவி கடைக்குப் போகும் நேரம் பார்த்துச் சாவியை இடம் மாற்றுவதுதான் அவருக்குப் பெரிய அவமானம். தையல் மெஷினுக்கு அடியில் கொஞ்ச காலம், பரண் மேல் பழைய மின்விசிறிக்குள் கொஞ்ச காலம். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

சோதனைக்கு வந்த அதிகாரி அவர் மருமகன் வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தான். அது அசையவில்லை. தோட்டாக்களை எண்ணினான். ரைஃபிளிலிருந்து கழற்றித் தனியே வைத்திருந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்திருப்பதில்லை என்றான். லிஃப்ட் சாருக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தது. புது விதிப்படி வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், வெறும் சம்பிரதாயம்தான் என்று சொல்லி, அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

அவளே தொடர்ந்தாள்.

"இப்ப குளியலறை ஜன்னல் விளிம்புல, பல்பு அட்டைப் பெட்டிக்குப் பின்னால. முன்னாடி தையல் மெஷின். எங்க தூசி இல்லையோ அங்கதான் இருக்கும். இந்த வீட்டத் தொடைக்கிறவ நான்தானே?"

அதிகாரியின் பேனா நின்றது. அவன் கெட்டவன் அல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேள்வி உங்களுக்குச் சரியாப் புரியலையோ என்னவோ. இன்னொரு தடவை கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

அவள் கணவரைப் பார்த்தாள். தன் பதில் என்ன செய்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் ரைஃபிள் வீட்டில் நிற்கும். சொல்லிவிடுவாள், அவருக்காக அதையும் செய்வாள். உதடு பிரிந்தும்விட்டது.

மறுபடி ஒரு தடவை பாருங்க சார் என்று கட்டிட முதலாளிகள் கெஞ்சிக் கேட்ட காலம் உண்டு. கண்ணால் கண்டதை அவர் எவருக்காகவும் மறுபடி பார்த்ததில்லை. இப்போது தன் வீட்டுக் கூடத்திலேயே, தன் மனைவியிடமே அந்தப் பேச்சு.

"வேண்டாம் தம்பி," என்றார். "அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது. இந்த வீட்டுல பதிலை மாத்திச் சொல்ற பழக்கம் இல்ல. எழுதிக்கோங்க."

உரிமம் போய்விடும், திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பயிற்சி, தேர்வு, காத்திருப்பு எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அதற்கெல்லாம் தன் உடம்பில் தெம்பு இல்லை என்பதும் தெரியும். ரைஃபிளை எடுத்து எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தார். ஈரமான இடத்தில் வைத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவன் போன பிறகு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு விதி இருப்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். தெரியாதவளிடம் தெரியாது என்று சொல்லச் சொல்லி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு வரத்தான் பார்த்தது, சிரிக்கத் தெம்பில்லை. முதலில் கேட்டபோதே தெரியாது என்றிருக்கலாம் என்று அவள் முனகினாள். கூடாது என்று அவர் தலையை அசைத்தார். எண்ணெய் வாடை இன்னும் விரல்களில் இருந்தது. கை கழுவ எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் கிளப் செயலாளர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு இவர் பெயரையும் சேர்த்திருப்பதாகச் சொன்னவரிடம், இனி வர முடியாது, சோதனையில் தேறவில்லை என்றார். செயலாளரால் நம்ப முடியவில்லை. உங்கள் பெட்டியைப் போல இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பிறகு சந்தேகத்தோடு இழுத்தார்.

"வீட்டுல யாராவது உளறிட்டாங்களா சார்?"

அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். கையில் மடித்தும் மடிக்காததுமாக ஒரு போர்வை.

"எங்க வீட்டுல யாரும் உளறமாட்டாங்க," என்றார் லிஃப்ட் சார். "எனக்குத்தான் ஒழுங்கா ஒளிச்சு வைக்கத் தெரியல."

போனை வைத்துவிட்டு, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள எழுந்து போனார்.