ஜப்பான் கூறை

1

ஒரு நாகரிகம் விழுவதற்கு முன் கடைசியாகச் செய்கிற வேலை, உடுப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது.

இது ஆழ்ந்து யோசித்துச் சொன்னது. உடுப்பு உடம்புக்கு, பெயின்ற் சுவருக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற வீட்டில் அடுத்த வருடம் செருப்பை ஃபிரிட்ஜில் வைப்பார்கள். அதற்கடுத்த வருடம் அதைக் கலை என்பார்கள்.

மேலுள்ளதை எழுதியவன் நிருஜன், வயது இருபது. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒன்பதாம் மாடியில் அம்மாவோடும் அக்காவோடும் இருக்கிறான். கல்லூரித் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு நையாண்டிக் கட்டுரை எழுதுவது அவன் வழக்கம். இந்தக் கதையும் அப்படி ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. குறி, அக்கா லக்சிகா. பகலில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருப்பவள், மிச்ச நேரத்தில் பழைய ஜப்பானியக் கிமோனோ அங்கிகளின் தையலைப் பிரித்து, பட்டுத் துணியை மடித்து, மரச்சட்டத்தில் இழுத்துத் தைத்து, வீட்டுச் சுவருக்கு அலங்காரம் செய்கிறாள். அறுநூறு சொல்லில் அவளை ஒரு கை பார்ப்பது என்று உட்கார்ந்தான். நானூறாவது சொல்லில் கட்டுரை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் கதை.

[ஏன் மூன்றாம் ஆளில் எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்கு: இலக்கியக் காரணம். வேறொன்றுமில்லை.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி பெய்துகொண்டிருந்தது."

ரொறன்ரோவில் நடக்கிற தமிழ்க் கதைகளில் பாதி இப்படித் தொடங்கும். மற்றப் பாதியில் பனி இரண்டாம் பந்தியில் பெய்யும். அடித்தாயிற்று.

இரண்டாவது: "கிமோனோ என்பது ஜப்பானிய மக்களின் தொன்மையான" — ஆறாம் வகுப்புப் பிள்ளையின் புரொஜெக்ட். அடித்தாயிற்று.

மூன்றாவது: "நாவோமி தலையணை உறைக்குள் கையை விட்டார்."

இது இருக்கட்டும். இதில் ஒரு ஆள் இருக்கிறார். நாவோமிக்கு எழுபது வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மார்க்கம் நகரத்து வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அப்பார்ட்மென்டுக்குப் போகிறார். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டில் லக்சிகாவின் தையல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு கிமோனோவை எடுத்தார். நாவல்பழ நிறப் பட்டு, அதில் வரிசை வரிசையாக வெள்ளை அம்பிறகுகள். தொண்ணூறு வருடத்துத் துணி. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கனடா அரசு இங்கிருந்த ஜப்பானியர்களை வீடுகளிலிருந்து கிளப்பி, விட்டுப்போன சாமான்களை விற்றுத் தீர்த்தபோது, நாவோமியின் தாய் இதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"இது பெட்டிக்குள் இருந்தது போதும். நான் தேநீர் குடிக்கும்போது கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும்," என்றார் நாவோமி. (ஆங்கிலத்தில். தமிழ் நிருஜனுடையது; பிழைகளும்.) "ஆனால் ஓரிடத்திலும் வெட்டக்கூடாது. என் தம்பியின் மகள் ஒருநாள் உடுக்கவேண்டும் என்று கேட்டால், கழற்றித் திரும்பத் தைக்க முடியவேண்டும்."

"நீங்கள் தந்த மாதிரியே திரும்பி வரும்," என்றாள் லக்சிகா.

காப்பாற்றக்கூடிய வாக்குறுதிதான். நக்கலடிப்பதற்காகத் தேடிப் படித்த நிருஜன் ஏமாந்த இடம் இது. கிமோனோவில் வளைத்து வெட்டுகிற வேலையே கிடையாது. ஒரு நீளத் துணியை எட்டு நேர்த்துண்டாக்கிக் கையால் தைப்பார்கள். நூலை உருவினால் எட்டும் அப்படியே கழன்று வரும். கழுவலாம், திரும்பத் தைக்கலாம், இன்னொருத்தர் உடுக்கலாம். சட்டத்தில் மடித்துத் தைத்தாலும் அதே கதைதான்.

அதுவரை லக்சிகா கை வைத்ததெல்லாம் இணையத்தில் வாங்கிய, ஆர் உடுத்ததென்று தெரியாத கிமோனோக்கள். ஆளோடு வந்த முதல் கிமோனோ இதுதான். பிழையாகிப்போனால் இன்னொன்று வாங்கிக் கொடுக்க முடியாது.

3

அடுத்து அம்மா வரவேண்டும். இங்கேதான் சிக்கல்.

முதல் பிரதியில், "ஒன்றும் அறியாத அந்த அப்பாவித் தாய்" — பொய். அம்மா மருந்து பொதி செய்கிற தொழிற்சாலையில் ஒரு லைனுக்குப் பொறுப்பாக இருப்பவ. லேபல் படிக்காமல் எதையும் தொடமாட்டா. வீட்டில் உப்புப் போத்தலின் திகதியைக்கூடப் பார்ப்பா.

சரி, நடந்தது இது. அம்மா இரவு வேலைக்குப் போன பிறகு, லக்சிகா இரண்டு கிழமை இருந்து தையலை உருவினாள். எட்டுத் துண்டையும் கழுவி, நிழலில் உலர்த்தி, வெள்ளைத் தாளில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் வந்து பிரித்தால், ஒரு துண்டின் மூலையில், வெள்ளை இறகு ஒன்றின் மேல், கடலை அளவில் ஒரு மஞ்சள் பொட்டு.

"அம்மா, உது என்ன?"

"மஞ்சள்."

"மஞ்சள் எண்டு தெரியுது. ஏன் வைச்சனீங்கள்?"

"புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் விடுறதே?"

அந்த வீட்டில் அது சட்டம். எந்தப் புது உடுப்பானாலும் உடம்பில் போட முன் மூலையில் குழைத்த மஞ்சள் ஒரு துளி. பள்ளிக்கூட யூனிபோர்முக்கு வைத்தது. ஒருமுறை நிருஜனின் ஹொக்கி ஜேர்சிக்கும் வைத்தது. அவனுடைய அணி அன்று ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றது.

"அம்மா, உது தொண்ணூறு வருசப் பழசு."

அம்மா துணியைப் பார்த்தா, லக்சிகாவைப் பார்த்தா. "எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே," என்றா.

லக்சிகா அதைக் கவனிக்கவில்லை. அவள் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

[மலரைத் தொகுக்கிற சுபாங்கி ஓரத்தில் எழுதியது: "லேபல் படிக்காமல் தொடமாட்டா என்று நீதான் எழுதியிருக்கிறாய். பிறகு எப்படிப் புதுசு என்று நம்பினா? யார் சொன்னது? அம்மா பாத்திரம் ஒட்டவில்லை. திருத்தவும்."]

4

திருத்தம் ஒன்று: அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், ஆகவே —

திருத்தம் இரண்டு: வெள்ளைத் தாளில் ஜப்பானிய எழுத்து இருந்ததால், அதை அம்மா —

திருத்தம் மூன்று: பக்கத்து வீட்டு அன்ரி ஒருத்தி வந்து —

பக்கத்து வீட்டில் அன்ரி இல்லை. ஒரு போலந்துக்காரரும் அவருடைய பூனையும் இருக்கிறார்கள்.

அன்று காலை வீட்டில் அம்மாவோடு இருந்தது நா— [இலக்கியக் காரணம், மறக்கவில்லை] நிருஜன்.

"தம்பி, மேசையிலை உது என்ன பட்டு?" என்று அம்மா கேட்டா.

"கூறை," என்றான் நிருஜன், பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே.

கூறை என்றால், கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு எடுக்கிற பட்டு. அதை உடுத்திக்கொண்டு வந்துதான் பெண் தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள்.

"ஆருக்குக் கூறை?"

"அக்காவுக்குத்தான். ஜப்பான் மாப்பிள்ளை. புதுசு, அங்கையிருந்து நேர வந்தது. உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

அம்மா தாளை ஒரு மூலையில் நீக்கிப் பார்த்தா. "அகலம் காணாதே."

"அங்கத்தை ஆக்கள் மெல்லிசு, அம்மா."

முகத்தில் ஒரு கோடு அசையாமல் சொல்லிவிட்டு, அவன் பஸ் பிடிக்கப் போய்விட்டான். அவனுடைய நகைச்சுவையின் சிறப்பே அந்த அசையாத முகம்தான் என்று போன வருட மலரில் அவனே எழுதியிருக்கிறான்.

லேபல் படிக்கிற அம்மா ஏன் நம்பினா என்றால், லக்சிகாவுக்கு இருபத்தொன்பது வயது. கலியாணப் பேச்சு எடுக்கமாட்டேன் என்று அம்மா இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வாக்குக் கொடுத்தவ. அந்த வாக்கை ஒருநாளும் மீறவில்லை. கேட்காமல் வைத்திருந்த கேள்விக்குப் பதில், தானாகவே மேசைக்கு வந்து பட்டாகக் கிடந்தது. அதற்கு ஆர் லேபல் பார்ப்பார்கள்?

பாத்திரம் இப்போது ஒட்டுகிறது, சுபாங்கி. ஒட்டாமல் இருந்தது வேறொரு பாத்திரம்.

5

"நான்தான் சொன்னனான், அக்கா. பகிடிக்கு."

லக்சிகா நிமிரவில்லை. "பகிடி எண்டால் ஆராவது சிரிச்சிருக்கோணும்."

இதற்குப் பதிலாக நிருஜன் நாலு வசனம் எழுதிப் பார்த்தான். நாலையும் அடித்தாயிற்று.

"சவர்க்காரம் போட்டுக் கழுவினால்?"

"சிவக்கும்."

"வெயிலிலை வைச்சால் மஞ்சள் போயிடும்தானே?"

"போகும். நாவல் நிறமும் சேர்ந்து போகும்."

"அப்ப அந்த மூலையைப் பின்னாலை மடி. சட்டத்துக்குப் பின்னாலை ஆர் பாக்கப்போகினம்?"

"நாவோமியின்ரை தம்பியின்ரை மகள் ஒருநாள் கழட்டுவாள். அவள் பாப்பாள்." லக்சிகா தொலைபேசியை எடுத்தாள். "தந்த மாதிரியே வரும் எண்டு சொன்னது நான்."

நாவோமியிடம் ஒன்றும் விடாமல் சொன்னாள். மஞ்சளையும் சொன்னாள், கூறையையும் சொன்னாள், தன் தம்பி செய்ததையும் சொன்னாள். பிறகு நாவோமி சொன்னார்: "சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன். அதுவரை எதையும் கழுவாதே, எதையும் மறைக்காதே. உன் அம்மாவும் இருக்கட்டும்."

குரலில் கோபமா இல்லையா என்று லக்சிகாவால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான்.

"அவவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றா அம்மா.

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"உள்ளதை இவன் சொல்லட்டும். தம்பி, சனிக்கிழமை உனக்கு வகுப்பில்லை." அது கேள்வி இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டா, "அப்ப மாப்பிள்ளை எண்டு ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை, அம்மா."

"ம்." அம்மா தாளை மெல்ல மூடினா. "துணி வடிவாத்தான் இருக்கு."

6

முடிவுகள்.

அ. நாவோமி பொட்டை விரலால் தொட்டு, இரண்டு இனங்களின் துயரமும் ஒரு துளியில் சந்தித்தன என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். சுபாங்கிக்கு இது பிடிக்கும், அட்டையில்கூடப் போடுவாள். ஆனால் நேரக் கணக்கு ஓடுகிற விசிற்றர் பார்க்கிங்கில் கார் நிற்கும்போது ஒருத்தரும் இந்த நகரத்தில் அப்படிப் பேசுவதில்லை.

ஆ. நாவோமி எட்டுத் துண்டையும் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு போகிறார். லக்சிகா இனி ஆளோடு வருகிற துணியைத் தொடுவதில்லை. [இதை நிருஜன் கற்பனை செய்யவில்லை. வெள்ளிக்கிழமையே அவள் ஊசிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். அவன் பார்த்தான்.]

இ. பொட்டு பின்னால் போகிறது. ஒருத்தருக்கும் தெரியாது. நிருஜன் சொன்ன யோசனை. ஆகவே தள்ளுபடி.

7

இன்று சனிக்கிழமை, பத்தே முக்கால். மலருக்கு எழுத்தைக் கொடுக்கக் கடைசி நேரம் பதினொரு மணி. நாவோமி வருவதும் பதினொரு மணி. இந்தக் கதைக்கு முடிவு இல்லாததற்கு இலக்கியக் காரணம் தேடவேண்டாம்.

ஊசிப் பெட்டியை மூட முன் லக்சிகா தைத்த ஏழு துண்டுகள் சட்டத்தில் மடிந்து நிற்கின்றன, இறகுகள் எல்லாம் மேல் பார்த்தபடி. எட்டாவது, பொட்டு விழுந்த துண்டு, கீழ்மூலையில் ஒரு குண்டூசியில் மட்டும் நிற்கிறது. மறைக்காதே என்றவர் வந்து சொல்லவேண்டும், முன்னாலா பின்னாலா என்று, அல்லது வேண்டவே வேண்டாம் என்று. அம்மா குசினியில் தேத்தண்ணி வைக்கிறா, நல்ல சேலை உடுத்திக்கொண்டு. லக்சிகா கீழே போய்விட்டாள். இப்போது அவளிடமிருந்து ஒரு செய்தி: "எலிவேட்டருக்கு நிக்கிறம். அவ கேக் கொண்டு வாறா."

கேக் கொண்டு வருகிறவர் துணியைத் திருப்பிக் கேட்பாரா? கேட்கலாம். முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவர் எங்கேயும் வெறுங்கையோடு போகமாட்டார். இதை வைத்து முடிவு கட்டுவது உங்கள் பொறுப்பு. எட்டாவது துண்டு இன்னும் எந்தப் பக்கமும் மடியும்.

சட்டம் இவ்வளவு நேரமும் மேசையில்தான் கிடந்தது. மேசையில் கிடந்தால், வருகிறவர் குனிந்து பார்க்கவேண்டும். எழுபது வயது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெயில் விழும். பக்கச் சுவரில் விழாது. அங்கே ஒரு ஆணி அடித்துச் சட்டத்தை மாட்டியாயிற்று. ஒருத்தரும் செய்யச் சொல்லவில்லை.

தொலைபேசியில் மட்டம் பார்த்தால், இடப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது. கதவு தட்டுகிற சத்தம். அம்மா போகிறா.

நிருஜன் சட்டத்தின் கீழ் விளிம்பை ஒரு விரலால் — இல்லை.

நான் அதை நேராக்குகிறேன்.