ஸ்வான்சன் ஷூவைக் கழற்றினார்

இன்பநாதனுக்கு அமெரிக்கா போக வேண்டும். அந்த ஆசையை அவர் ஒருநாளும் மூடி மறைத்தது கிடையாது. பூனா விஷ்ராந்த்வாடியில் பால் ஊற்றுகிறவரிலிருந்து வேதக்கோயிலில் பியானோ வாசிக்கும் ஈனிட் டீச்சர் வரைக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். போகும் தேதிதான் அவருக்கே தெரியாது.

அது 1981. உலகம் முழுவதற்கும் அதை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். அறிவித்தபின் சும்மா இருக்க முடியுமா? டெல்லிக்காரர்களும் வாஷிங்டன்காரர்களும் உட்கார்ந்து பேசி ஒரு திட்டம் போட்டார்கள். கை கால் இழந்தவர்களை மறுபடி நடமாட வைக்கும் வித்தை ஒரு நாட்டிலேயே முடங்கிக் கிடக்கக் கூடாதாம். அங்கிருந்து ஒரு நிபுணர் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் ஆறு மாசம் அங்கே போவார், செலவெல்லாம் சர்க்கார் தலையில். ஆலந்தி ரோடு பக்கம் இன்பநாதன் வேலை பார்த்த புனர்வாழ்வு நிலையத்துக்கும் இதில் ஒரு இடம் கிடைத்தது. யாரை அனுப்புவது என்பதை, வருகிற நிபுணரே கூட இருந்து பார்த்துச் சொல்வார்.

போட்டிக்கு இரண்டே பேர். ஒருவர், செயற்கைக் கால் செய்து மாட்டும் பிரிவுக்குத் தலைவரான இன்பநாதன். இன்னொருவர் லிமயே. தங்கமான மனுஷர், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. கைதான் சொன்னபடி கேட்காது. அவர் மாட்டிய காலோடு போனவர்கள் மறுவாரமே அந்தக் காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இன்பநாதனைத் தேடுவார்கள்.

இன்பநாதனுக்குத் தன் தொழிலில் கர்வம் உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. "கேட்டுல நுழையும்போதே சொல்லிருவேன், எந்தக் கால் பொய்க்கால்னு. எவன் செஞ்சான்னும் சொல்லிருவேன்" என்று மார்தட்டுவார். அவர் மனைவி சத்தியவதி இதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிபுணர் வந்து சேர்ந்தார். ஸ்வான்சன் என்று பெயர். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, குதிகால் உயர்ந்த பழுப்பு ஷூ. விறுவிறு என்று நடப்பார். இரண்டு கைகளையும் பையில் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பார். இன்பநாதன் செய்த காலைப் பார்த்து "இன்ட்ரஸ்டிங்" என்றார். லிமயே செய்த காலைப் பார்த்தும் "இன்ட்ரஸ்டிங்" என்றார். கேன்டீன் வடா பாவுக்கும் அதே மார்க்கு. இந்த மனுஷர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்பநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

லிமயே முந்திக்கொள்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்வான்சனைத் தன் வீட்டுக்கு அழைத்துவிட்டார். தன்னுடைய நல்லொழுக்கத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று போதகர் சுவிசேஷமுத்துவையும் கூப்பிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. போதகருக்குச் சாராயம் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

சத்தியவதியின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசல்படிக்கு இப்பால் செருப்பு வரக் கூடாது. பிஷப்பே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அன்றைக்கும் வாசலில் எல்லோருடைய செருப்பும் ஷூவும் வரிசையாகக் கிடந்தன. ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த ஸ்வான்சன் அந்த வரிசையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து நாடாவை அவிழ்த்து இரண்டு ஷூவையும் கழற்றி, அதே வரிசையில் ஒழுங்காக வைத்தார்.

முதல் அடி வைத்தார். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் பின்னால் சாய்ந்தார். அடுத்த அடிக்கு வாசல் திரையை எட்டிப் பிடித்தார். திரை கம்பியோடும் வளையங்களோடும் கழன்று அவர் தோளில் விழுந்தது. அதற்கடுத்த அடியில் தடுமாறிச் சுழன்று, சோபாவில் உட்கார்ந்திருந்த போதகரின் மடியில் போய் உட்கார்ந்தார்.

"ஸாரி, ரெவரெண்ட்" என்றார்.

அடுப்படியில் சத்தியவதி புருஷனின் முழங்கையைப் பிடித்தாள். "என்னங்க, இவரு குடிச்சிருக்காரு."

"சும்மா இரு."

"எப்படி சும்மா இருக்க? பட்டப்பகல்லயே இந்த ஆட்டம் ஆடுதாரு! ஐயா மூஞ்சியப் பாருங்க."

போதகரின் முகம் கறுத்துப் போயிருந்தது. போதகர் வாயைத் திறந்தால் ஸ்வான்சனுக்கு அவமானம். ஸ்வான்சனுக்கு அவமானம் என்றால் அமெரிக்கா அம்போ. போதகர் பேசத் தொடங்குவதற்குள் இந்த மனுஷரின் போதையை இறக்கியாக வேண்டும் இன்பநாதன். கிர்க்கி ஃபாக்டரியில் சம்பள நாளன்று குடித்துவிட்டு வரும் தாய்மாமாவுக்கு அத்தை செய்கிற வைத்தியம் நினைவுக்கு வந்தது. முதலில் மோர். பெரிய சொம்பு நிறைய உப்புப் போட்டுக் கொடுத்தார். ஸ்வான்சன் மறுக்காமல் குடித்தார். இன்னொரு சொம்பு வந்தது. அதையும் குடித்து, "இன்ட்ரஸ்டிங்" என்றார். அடுத்து எலுமிச்சம்பழம்.

"இது எங்கள் வழக்கம். விருந்தாளிக்குச் செய்வது" என்று இங்கிலீஷில் சொல்லி, அவர் உச்சந்தலையில் அரை மூடியைப் பிழிந்து பரபரவென்று தேய்த்தார் இன்பநாதன். ஸ்வான்சன் மரியாதையாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

போதகர் அதற்குமேல் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முந்தின ஜெபத்தை அவர்தான் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷிலேயே ஆரம்பித்தார். வேதத்தில் குடித்துக் கெட்டவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதில் வந்தார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவழியாக ஆமென் சொன்னார்கள்.

"ரெவரெண்ட், நான் என் வாழ்நாளில் குடித்ததில்லை" என்றார் ஸ்வான்சன் நிதானமாக. சொல்லிவிட்டு இடது கால் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்றது.

போதகர் எட்டிப் பார்த்தார்.

"கொரியா சண்டையில் போன கால் இது. இந்தப் பொய்க்கால் நானே வடிவமைத்தது. ஷூவின் குதிகால் உயரத்துக்கு அளவெடுத்தது. ஷூ இல்லாவிட்டால் ஆள் பின்னால் சாய்வான், எனக்கும் தெரியும். நாலைந்து அடிதானே, சமாளிக்கலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வரச் சொன்னதில்லை."

அவர் மூக்கு நுனியிலிருந்து எலுமிச்சைச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. இன்பநாதனுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. இருபது வருஷத் தொழிலில் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் வைத்த ஒருவர் தினமும் பக்கத்தில் நின்றிருக்கிறார், கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காததோடு விட்டாரா? மோரை வேறு புகட்டியாயிற்று.

"கேட்டுல நுழையும்போதே சொல்லிருவேம்பியளே?" என்றாள் சத்தியவதி.

ஆனால் ஸ்வான்சனின் யோசனை வேறெங்கோ போயிருந்தது. "நீங்கள் செய்கிற கால்களோடு இங்கே ஜனங்கள் வீட்டுக்குள் எப்படி நடக்கிறார்கள்?"

"வெறுங்காலோடதான் சார்."

"தரையில் உட்காருவார்களா?"

"உட்காராம எப்படி சார்? சாப்பிடணும்ல?"

ஸ்வான்சன் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு ஒன்று செய்து தருவீர்களா?" என்று கேட்டார்.

செய்யாமல் இருப்பாரா? பட்ட அவமானத்தையெல்லாம் அந்த வாரம் வேலையில் காட்டினார் இன்பநாதன். ரப்பர் பாதம், தரையில் தட்டையாகப் பதியும், கணுக்கால் நன்றாக வளைந்து கொடுக்கும். இடுப்பு, முழங்கால், குதிகால் என்று அளந்ததையே அளந்தார். நோட்டம் பார்க்க வந்த லிமயேயைக் கிட்டேகூட விடவில்லை. வேலை முடிந்ததும் ஸ்வான்சன் அதை மாட்டிக்கொண்டு பட்டறை சிமென்ட் தரையில் வெறுங்காலோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு மெதுவாகக் கீழே இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கண் கலங்கியிருந்தது. கால் போன நாளிலிருந்து தரையில் உட்கார்ந்ததில்லை என்றார். இந்த முறை அவர் "இன்ட்ரஸ்டிங்" சொல்லவில்லை.

அமெரிக்கா கைக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். கேம்ப் கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கினார். அதை வருகிற வழியெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்வான்சன் ஊர் திரும்பிய பிறகு டைரக்டர் கர்னல் நிம்பல்கர் இருவரையும் அழைத்தார். பட்டாளத்தில் இருந்த மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாது.

"லிமயே போகிறார்" என்றார்.

லிமயேவுக்கே தூக்கிவாரிப் போட்டது. "நானா சார்?"

"நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறதாம். இன்பநாதனுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லையாம். இவரை எக்காரணம் கொண்டும் பூனாவை விட்டு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார் ஸ்வான்சன். அவருடைய ஆட்கள் நாலு பேரை இங்கே அனுப்பி, இன்பநாதனிடம் பழக்கப் போகிறார். பணம் சாங்க்‌ஷன் ஆகிவிட்டது."

"அங்கே நான் என்ன சார் படிப்பது?"

"வெறுங்காலோடு நடக்கிற கால். அதற்கென்றே ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். நன்றாகப் படித்துவிட்டு வந்து இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்."

லிமயே தலையைத் தூக்கவே இல்லை. இத்தனை பாராட்டு இன்பநாதனுக்கு ஆயுசில் கிடைத்ததில்லை. இத்தனை வலியும் கிடைத்ததில்லை.

"சார், ஒரே ஒரு சந்தேகம். அந்தக் காலை நான் கொஞ்சம் கோணலாகச் செய்திருந்தால்?"

கர்னல் யோசித்துப் பார்த்து உண்மையையே சொன்னார். "நீங்கள்தான் விமானம் ஏறியிருப்பீர்கள்."

அன்று ராத்திரி முழுக்க இன்பநாதன் புரண்டு புரண்டு படுத்தார். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். திட்டம் அடுத்த வருஷமும் உண்டு. இனிமேல் சுமாராகத்தான் வேலை செய்வது. பார்க்கிறவர்கள் ஐயோ பாவம், இவரைப் படிக்க அனுப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

முதலில் வந்தவர் மாடசாமி, போசரி ஃபாக்டரி ஒன்றில் மெஷினில் கால் கொடுத்தவர். இன்பநாதன் வைராக்கியமாக உட்கார்ந்தார். அளவை ஒரு நூல் கூட்டிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை, குறைத்தார். பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்தார். காபி குடிக்கப் போய்விட்டு வந்து நேராக்கினார். சாயங்காலம் மாடசாமி எழுந்து நின்றார், நடந்தார், வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். துளி சாய்வில்லை.

"அருமையா இருக்கு சார்! என் சொந்தக் கால் மாதிரியே இருக்கு!"

"இருக்கும்வே, இருக்கும்!" என்று கத்தினார் இன்பநாதன். "வீட்டுல போய் நடவும். என் கண்ணு முன்னால நடக்காதீரும்!"