வலையில் வந்த கிளாத்தி

முழங்கால் இரண்டும் பரானிக்கோவுக்கு மரத்துப் போயிருந்தன. விடிந்ததிலிருந்து கப்பலின் மேல்தளத்தில் மண்டியிட்டு, சூரை மீன்களை ஒவ்வொன்றாகக் கிடத்தி நீளம் எழுதுகிறான். இன்று ஐம்பத்தேழாவது நாள். சொந்தத் தீவான தராவாவில் இறங்க இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது.

மிதக்கும் கட்டையைச் சுற்றி வலை போட்டால், அதன் அடியில் ஒதுங்கிய குஞ்சுகளும் சேர்ந்து சாகும். கட்டை இல்லாமல், திறந்த கடலில் ஓடும் கூட்டத்தைப் பிடித்தால்தான் மீன் டப்பாவில் 'கடலைக் கெடுக்காத மீன்' என்ற முத்திரை விழும். அதற்கு, மீன்வள ஆபீஸ் கப்பலில் அனுப்பிய கண்காணிப்பாளன் பரானிக்கோவின் கையெழுத்து வேண்டும்.

வலையாட்களின் தலைவன் இயோதேபா பக்கத்தில் வந்து குந்தினான். பரானிக்கோவின் தங்கையைக் கட்டியவன்.

"மச்சான், கட்டை இல்லன்னு ஒரு வரி எழுதிடு. ஊர் போனதும் உன் படகுக்குப் புது மோட்டார்னு கேப்டன் சொல்லச் சொன்னாரு."

"கட்டையைச் சுத்தி வலை போட்டுட்டு, வெளிச்சம் வர்றதுக்குள்ள அதை இழுத்துட்டுப் போனீங்களே. நான் தூங்கிட்டேன்னு நெனப்பா?"

"நீ தூங்கினா குறட்டையில எஞ்சின் சத்தமே கேக்காதே! நீ பாத்தது தெரியும். பாக்காத மாதிரி எழுதுன்னுதான் கேக்குறேன். முத்திரை போச்சுன்னா எங்க பங்குல பாதி போச்சு. உன் தங்கச்சி வீட்டுக்குக் கூரைத் தகடு அதுலதான்."

பரானிக்கோ குவியலிலிருந்து ஒரு கிளாத்தியை எடுத்து அவன் முன்னால் போட்டான்.

"இது திறந்த கடல்ல ஓடுற மீனா? கட்டைக்கு அடியில கிடக்குறது." அடுத்து முழங்கை நீளம்கூட இல்லாத பெருங்கண் சூரைக் குஞ்சு. "இது வளந்தா நாம ரெண்டு பேர் சேந்து தூக்கணும். ஒரு தடவை முட்டை போடுறதுக்குள்ள அள்ளிட்டோம். டப்பா வாங்குறவன் என் கையெழுத்தை நம்பித்தான் திங்குறான். நான் பொய் எழுதினா அவனையும் ஏமாத்துறேன், உன் பிள்ளைங்க தூண்டில்ல விழ வேண்டிய மீனையும் திருடுறேன். அப்புறம் மோட்டாரை வச்சுக்கிட்டு எங்க போக?"

'கட்டையில் போட்ட வலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"பெரிய நியாயஸ்தன்!" இயோதேபா எழுந்தான். "போன பயணத்துல கட்டை இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான். அதுக்கு வாங்கின அரிசியையும் தின்னாச்சு." பரானிக்கோ அடுத்த மீனை இழுத்தான். "அது பொய்னு ஆபீசுல இன்னும் சொல்லல. அந்த உண்மை என் மேல பாக்கி."