பெரட்டுக்களத்துக் கல்யாணம்

அரசாங்கத்துக்கு மூளை இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அந்த ஆனி மாதம் நமுனுகுல மலையில் எங்கள் தோட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வேண்டுமானால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொரோனா காலம். கல்யாணத்துக்குத் தடை, கோயிலுக்குத் தடை, செத்த வீட்டுக்குப் போகவும் தடை. தேயிலைக்கு மட்டும் தடையில்லை, அது அத்தியாவசியமாம். கொழுந்து மண்டிக் கிடந்ததால் மேல் டிவிசன், கீழ் டிவிசன் இரண்டையும் தோட்டத்துத் துரை ஒரே பெரட்டில், காலை ஆள்கணக்கெடுப்பில், கூட்டினார். தினமும் விடிந்ததும் இருநூறு பேர் தோளோடு தோள் உரசி நின்று வேலைக்குப் பெயர் கொடுத்தோம். அங்கே நோய் எட்டிப் பார்க்காது என்று கொழும்பில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். தடுப்பூசியோ பதுளை நகரத்தோடு நின்றுவிட்டது. மலையேற அதற்கு மூச்சு வாங்கியதோ என்னவோ!

என் அக்கா மகள் கேஷானிக்கு இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் கல்யாணம் நின்றுபோனது. முதல் தடவை ஊரடங்கு. அடுத்த தடவை, பந்தல் போட்ட பிறகு தடையை அறிவித்தார்கள். மாப்பிள்ளை நிமலன் தங்கமான பையன், கீழ் டிவிசனில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் தாய் நல்லம்மாதான் பொல்லாதவள்.

"மூணாவது நாளும் தவறுனா இந்தச் சம்பந்தமே வேணாம். பொண்ணுக்கு ராசியில்ல" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

தடை போட்டவன் கொழும்பில் இருக்கிறான், ராசியில்லாதவள் என் பிள்ளையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவதாகக் குறித்திருந்தது ஆனியின் கடைசி முகூர்த்தம். அடுத்து ஆடி. நாலு பேர் கூடினாலும் லயத்துக்குச் சீல் வைப்பேன் என்று சுகாதார அதிகாரி றில்வான் ஏற்கெனவே மிரட்டிவிட்டுப் போயிருந்தார். கேஷானி அழுது அழுது முகம் வீங்கிப்போனாள்.

ஒருநாள் பெரட்டில் நிற்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெண் என் பக்கத்தில் நிற்கிறாள். மாப்பிள்ளை முன் வரிசையில். கோயில் பூசாரி சின்னராசாவும் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்தான், அவரும் வரிசையில். இரண்டு பக்கத்துச் சொந்தபந்தமும் அங்கேயே நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கணக்கப்பிள்ளை ஜீவராஜிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஏம்மா, என் வேலைக்கு உலை வெக்கிறியா?" என்றார்.

"நீங்க பாட்டுக்குப் பேர் எழுதுங்கய்யா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

முகூர்த்தத்தன்று கேஷானி கூறைச் சேலைக்கு மேலே கொழுந்து எடுக்கச் சுற்றும் சாக்குப் படங்கை இடுப்பில் கட்டி, முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நிமலன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மேலே மழைக்கோட்டு போட்டிருந்தான். எல்லோர் மடியிலும் மஞ்சள் அரிசி. சின்னராசா மந்திரத்தைத் தொடங்கினார். நிமலன் தாலியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் ஒன்று ஏறி வந்தது. றில்வான்!

"இங்க கல்யாணம் நடக்குதுன்னு தகவல் வந்திச்சு. யாரு பொண்ணு? யாரு மாப்பிள்ள?"

இருநூறு பேரும் மடியிலிருந்த அரிசியை மறைத்துக்கொண்டோம். நிமலன் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டான். மூன்றாவது தடவையும் போச்சு என்று நினைத்தேன். நல்லம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தம் முறிந்துவிடும்.

அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"கல்யாணமா? இது பெரட்டு சார். தெனமும் இப்படித்தான் இடிச்சிக்கிட்டு நிக்கிறோம். அப்பல்லாம் ஒங்களக் காணோமே?"

"பெரட்டுக்கு அனுமதி இருக்கும்மா."

"கொழுந்துக்கு நின்னா வராத நோவு, தாலிக்கு நின்னாத்தான் வருமா? நிறுத்தறதா இருந்தா ரெண்டையும் நிறுத்துங்க. எங்களுக்கு ஊசி எப்ப சார் போடுவீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!"

அவளுடைய கோபம் அன்றைக்குத்தான் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. றில்வான் நல்ல மனிதர். மேலிடத்து உத்தரவுக்கு அவர்தான் என்ன செய்வார்? கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"பெரட்டுதான் சார்" என்றார் ஜீவராஜ், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"பெரட்டுன்னா சரி. ஆளுக்கு ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க." ஹெல்மெட்டை மாட்டியவர், மழைக்கோட்டுக்குக் கீழே தெரிந்த பட்டுக் கரையைக் கவனித்துவிட்டார். "தம்பி, சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டி வளைவைத் தாண்டுவதற்குள் தாலி ஏறிவிட்டது. அரிசி பறந்தது. நாங்கள் போட்ட குலவையில் பங்களாவிலிருந்த துரையே வாசலுக்கு ஓடி வந்தாராம். அப்படியொரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

கணக்கப்பிள்ளை, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். கேஷானியும் பழக்கதோஷத்தில் படங்கை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்லம்மா ஓடிப்போய் அவளை நிறுத்தி, முதுகிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் பேசுனத மனசுல வெச்சிக்காத தாயி. நீ வீட்டுக்குப் போ. இன்னிக்கு ஒங் கொழுந்தையும் நானே எடுக்கிறேன்."

இரண்டு பையோடு அவள் மலையேறிப் போனாள்.