வான்கோழிக்குப் போட்ட ஓட்டு

லூன்ஸ்பரோ நகர்மன்றத்துக்கு யார் போன் செய்தாலும் எடுப்பவள் மார்லிஸ் ட்வைட்தான். போலீஸும் நகர்மன்றமும் ஒரே கட்டிடம், ஒரே எண். அதனால் ஊரின் சந்தேகங்கள் எல்லாம் அவள் காதில்தான் வந்து விழும்.

"மார்லிஸ், நாங்க குளிருக்கு ஃப்ளோரிடா போறோம். போலீஸ் வந்து வீட்டை எட்டிப் பார்த்துக்குவாங்களா?"

"மார்லிஸ், பக்கத்து வீட்டுக்காரன் விடியறதுக்கு முன்னாடியே பனி தள்ளுற மிஷினைப் போட்டு உயிரை எடுக்கிறான். கேஸ் போடலாமா?"

"மார்லிஸ், வார்டு எல்லை என் சமையலறைக்கு நடுவுல போகுதாமே. நான் எந்த வார்டும்மா?"

இவற்றையெல்லாம் தொகுத்து, பதிலும் எழுதி, நகர்மன்றத்தின் இணையதளத்தில் ஒரு பக்கமே போட்டு வைத்திருந்தாள். அதனால் போன் குறையவில்லை. இப்போது போன் செய்து, "அந்தப் பக்கத்துல என்ன போட்டிருக்கே?" என்று கேட்டார்கள்.

எல்லாப் பதிலும் தெரிந்திருந்தும் போன் செய்கிற ஒரே ஆள் சார்ஜென்ட் டுவேன் பெலாஞ்சர். அவருடைய அறை அவள் அறையிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தாலும் போன்தான்.

"மார்லிஸ், ஏரி உறைஞ்சப்புறம் அது மேல சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேணுமான்னு ஒருத்தர் கேட்டார்."

"யாரு கேட்டா?"

"ஒருத்தர்."

"அந்த ஒருத்தருக்கு வேற வேலை இல்லையாமா?"

"இருக்கும்போல. ஆனா அதுல மனசு போகலையாம்."

மார்லிஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. விவாகரத்து ஆகிப் பல வருடமாயிற்று. டுவேன் மனைவியை இழந்தவர்; பெரிய உருவம், சின்னக் குரல். நேரில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு வானிலையைப் பற்றி மட்டும் பேசுவார். போனை வைத்த பிறகு மார்லிஸ் கொஞ்ச நேரம் காரணமில்லாமல் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள்.

அந்த நவம்பரில் நகர்மன்றத் தேர்தல் வந்தது. வடக்கு வார்டில் இரண்டு பேர் போட்டி. ஒருவர் இரும்புக் கடை வைத்திருக்கும் வெண்டல் க்ரோத். மூன்று தடவை ஜெயித்தவர். இன்னொருத்தி பள்ளிப் பேருந்து ஓட்டும் டீனா மௌவா. முதல் தடவை நிற்கிறாள். வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் தன் வீட்டுப் படிக்கட்டிலேயே பனியில் சறுக்கி இடுப்பைச் சுளுக்கிக்கொண்டதால், அந்தப் பொறுப்பு கடைசி நேரத்தில் மார்லிஸ் தலையில் விழுந்தது.

சாவடி தீயணைப்பு நிலையத்தில். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். மார்லிஸுக்குத் துணையாக லொரெய்ன் ஃபிஷ்பாக் என்ற ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் இருந்தாள். சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது தும்மினால்கூட அதற்கு விதி இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் ரகம்.

கதவைத் திறந்ததும் கூட்டம் வந்தது. மார்லிஸைப் பார்த்ததுதான் தாமதம், எல்லோருக்கும் சந்தேகம் பிறந்துவிட்டது.

"அட, நீயா! நல்லதாப் போச்சு. என் நாய் குரைக்குதுன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததே, அது என்னாச்சு?"

"பெர்னீஸ், இது ஓட்டுப் போடுற இடம். நாய் விஷயத்தை நாளைக்குக் கேளுங்க."

"நாளைக்கு உன்னை இவ்வளவு பக்கத்துல பார்க்க முடியுமா?"

"கையெழுத்துப் போடுங்க, பெர்னீஸ்."

அடுத்தவருக்குத் திருடுபோன கயாக் படகைப் பற்றிக் கேட்க வேண்டும். அதற்கடுத்தவருக்கு வேலைக்காகக் கைரேகை எடுக்க வேண்டும். லொரெய்ன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "போலீஸ் பத்திக் கேக்கிறவங்க கடைசிக்குப் போகணும்!" என்று அதட்டினாள். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் பலித்தது.

பத்து மணி வாக்கில் வெளியே ஒரு அலறல் கேட்டது. பிறகு கண்ணாடிக் கதவில் 'டம்' என்று ஒரு இடி.

எட்டிப் பார்த்தால் வான்கோழி. காட்டு வான்கோழி, நல்ல கொழுத்த சேவல். தோகையை விசிறிபோல் விரித்துக்கொண்டு, கதவுக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் கார்களுக்குப் பின்னால் பதுங்கினார்கள். ஓட்டுப் போட்டு முடித்தவர்கள் வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 'நான் வாக்களித்தேன்' என்ற ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று, பந்தயம் பார்ப்பதுபோல் வேடிக்கை பார்த்தார்கள்.

"மேஜை விரிப்பை எடுத்துக் கண்ணாடியை மூடுங்க," என்றாள் மார்லிஸ். "தன்னைப் பார்க்கிறதாலதான் அதுக்குக் கோபம்."

கேக் வைத்திருந்த மேஜையின் பூப்போட்ட விரிப்பை உருவிக் கதவில் ஒட்டினார்கள். எதிரி மறைந்ததும் வான்கோழிக்கு வெற்றிக் களிப்பு. தெருவைத் தாண்டி ஓடி, எதிர்ப்புறப் புல்வெளியில் நட்டிருந்த தேர்தல் அட்டைகளுக்குள் பாய்ந்தது. திரும்பி வந்தபோது அதன் கழுத்தில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. கம்பிச் சட்டத்துக்குள் தலை போய்விட்டது; கழற்றத் தெரியவில்லை. வாசலில் மிடுக்காக அங்குமிங்கும் நடந்தது. அதன் நெஞ்சில் கொட்டை எழுத்தில்: 'உங்கள் ஓட்டு வெண்டல் க்ரோத்துக்கே.'

உள்ளே எல்லோரும் ஜன்னலுக்கு முண்டியடித்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. பெர்னீஸுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

லொரெய்ன் மட்டும் சிரிக்கவில்லை. "சாவடிக்கு நூறு அடிக்குள்ள பிரசாரம் பண்ணக் கூடாது," என்றாள்.

"லொரெய்ன், அது வான்கோழி."

"சட்டத்துல 'யாரும்'னு போட்டிருக்கு. மனுஷங்க மட்டும்னு போடலை."

அதே நேரத்தில் வெண்டல் க்ரோத் ஓட்டுப் போட வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர், தன் பெயர் தன்னைப் பார்த்து நடந்து வருவதைக் கண்டு மறுபடி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வான்கோழி அந்தப் பளபளப்பான கறுப்பு வண்டிக் கதவில் இன்னொரு எதிரியைக் கண்டுபிடித்தது.

"என் பெயின்ட்!" என்று ஜன்னலை இம்மியளவு இறக்கிக் கத்தினார் வெண்டல். "போலீஸைக் கூப்பிடு, மார்லிஸ்!"

போலீஸ் ஏற்கெனவே வந்திருந்தது. தெருமுனையில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயருகே சார்ஜென்ட் டுவேன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை.

"வாங்களேன், என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க?" என்று காருக்குப் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வர முடியாது," என்றார் டுவேன். "ஓட்டுப் போடுற இடத்துக்கு ஐம்பது அடிக்குள்ள போலீஸ் வரக் கூடாது. தலைமை அலுவலர் கூப்பிட்டாத்தான் வரலாம். இணையதளத்துல இருக்கு. மார்லிஸ்தான் எழுதினா. நல்லா எழுதியிருக்கா."

மார்லிஸ் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். அவள் காது மடல்கள் சுட்டன. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"மார்லிஸ்," என்றார் டுவேன், தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "என்னைக் கூப்பிடுறியா?"

"யோசிக்கிறேன்!"

"ரொம்ப நாளா யோசிக்கிற மாதிரி இருக்கே."

கார்களுக்குப் பின்னால் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. மார்லிஸ் லொரெய்னைத் திரும்பிப் பார்த்தாள். லொரெய்ன் புத்தகத்தில் விரலை வைத்து, "அமைதிக்குப் பங்கம் வந்தா கூப்பிடலாம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பங்கம் வந்தாச்சு. கூப்பிட்டுத் தொலையேன், புண்ணியமாப் போகும்," என்றாள்.

மார்லிஸ் மூச்சை இழுத்துக்கொண்டாள். "சார்ஜென்ட் டுவேன் பெலாஞ்சர்! வடக்கு வார்டு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்ங்கிற முறையில நான் உங்களைக் கூப்பிடுறேன். வாங்க!"

அந்த மனிதர் வந்த வரவைப் பார்க்க வேண்டுமே. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு, பனியில் கொஞ்சம் வழுக்கி, சமாளித்து, நேராக வந்தார். வான்கோழி அவரைப் பார்த்துத் திரும்பியது. இவர் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் அதுவும் வலப்பக்கம். கல்யாண வீட்டில் நடனம் தெரியாத இரண்டு பேர் ஜோடி சேர்ந்த மாதிரி இருந்தது. கடைசியில் மேல்கோட்டைக் கழற்றி அதன் மேல் வீசி, அப்படியே கட்டிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அட்டையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார், யாரும் படிக்க முடியாதபடி. லொரெய்ன் அதைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கோட்டுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வரிசையைக் கடந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது.

"அதுக்கு வக்கீல் வைக்க அனுமதி உண்டா?" என்றாள் பெர்னீஸ், விக்கலுக்கு நடுவில்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் காட்டுல விட்டுடுவேன். எச்சரிக்கையோட சரி."

போலீஸ் வண்டியின் பின் இருக்கையில் வான்கோழி பெரிய மனுஷத் தோரணையோடு உட்கார்ந்து போயிற்று. வாக்குப்பதிவு மறுபடி தொடங்கியது. ஊரெல்லாம் செய்தி பரவி, ஓட்டே போடாதவர்கள்கூட வாசலைப் பார்க்கும் சாக்கில் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

சாயங்காலம் வரிசை மெலிந்திருந்தது. மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டே, "பேரு, முகவரி," என்றாள்.

"டுவேன் பெலாஞ்சர். பிர்ச் தெரு."

நிமிர்ந்து பார்த்தாள். சீருடை இல்லை. இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கன்னத்தில் வான்கோழியின் நகக் கீறல். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

"வேலை முடிஞ்சுது," என்றார். "ஓட்டுப் போட வந்தேன். அப்புறம் ஒரு சந்தேகம்."

"போலீஸ் பத்தின்னா கடைசிக்குப் போகணும்."

திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. "நான்தான் கடைசி."

"கேளுங்க."

"வெள்ளிக்கிழமை மீன் வறுவல் போடுறாங்க, கிளப்புல. ஒருத்தர் உன்னைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கச் சொன்னார்."

"யாரு?"

டுவேன் தலையில் இல்லாத தொப்பியைத் தொடப் போனார். காதுவரை சிவந்தார். "நான்தான்," என்றார்.

மார்லிஸ் பேனாவைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்து மேஜையில் தலையை இடித்துக்கொண்டாள். நிமிர்ந்து, "வரேன்," என்றாள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கு இரண்டு வாக்குச்சீட்டுகளை நீட்டினாள். லொரெய்ன் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு எண்ண உட்கார்ந்தபோது மார்லிஸுக்குக் கணக்கே வரவில்லை. எண்ணுவாள், சிரிப்பாள், மறந்துவிடுவாள்.

"நீ தள்ளி உட்காரு," என்றாள் லொரெய்ன். "உன் கையில ஓட்டுப் பெட்டியைக் கொடுத்தா ஜனநாயகம் தாங்காது."

எண்ணி முடித்தபோது டீனா மௌவா பதினோரு ஓட்டில் ஜெயித்திருந்தாள். சீட்டின் கடைசியில், வேறு யாரையாவது விரும்புகிறவர்கள் பெயர் எழுத ஒரு வெற்றுக் கோடு உண்டு. அதில் பத்தொன்பது பேர் 'வான்கோழி' என்று எழுதியிருந்தார்கள்.

வேட்பாளர்கள் இருவரும் எண்ணிக்கையைப் பார்க்க வந்திருந்தார்கள். வெண்டல் சீட்டுகளை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அது எனக்காகத்தானே பிரசாரம் பண்ணிச்சு! என் ஓட்டையே பிரிச்சிருக்கே!"

"வேட்பாளர் கட்சி மாறிட்டார்," என்றாள் டீனா. வெண்டல் அவளை முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை, உதடு துடித்து, மீசை ஆடி, கடைசியில் தொப்பியைக் கழற்றி மேஜையில் அடித்துச் சிரித்துவிட்டார். மறுநாளே கடையிலிருந்து ஒரு பனி மண்வெட்டியை எடுத்துப் போய் டீனாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். "இனிமே தெருவுல பனி அள்ளலைன்னா ஜனங்க உன்னைத்தான் திட்டுவாங்க. அப்பாடா!" என்றாராம்.

வெள்ளிக்கிழமை மார்லிஸ் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள், கழற்றினாள், மறுபடி அதையே போட்டாள். கிளப்பில் மீன் மொறுமொறுவென்று இருந்தது. டுவேன் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மனைவியைப் பற்றிப் பேசினார், உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போடும் குடிசையைப் பற்றிப் பேசினார், அக்கார்டியன் வாசிக்கக் கற்றுக்கொள்வதாகவும் அதை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மார்லிஸ் சிரித்ததில் எலுமிச்சைத் துண்டு கையிலிருந்து தெறித்து அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. இருவருமே அதை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. வண்டி நிறுத்திய இடம் வரை வழுக்கும் என்று டுவேன் கையை நீட்டினார். அங்கே பனி உருக உப்புத் தூவிச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள், கொஞ்சமும் வழுக்கவில்லை. மார்லிஸ் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.